110 கொரோலா: கொழும்பில் ஐட்ல் சரி, நுவரெலியா ஏறினால் ஓஃப்

பனிக்காற்று:
வணக்கம். 1997 கொரோலா 110, 5ஏ-எஃப்இ எஞ்சின், ஓட்டோ கியர். கொழும்பில் ஐட்ல் (எக்ஸிலேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) 750 ஆர்பிஎம்மில் நிற்கும். நுவரெலியாவில் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் 600ஐத் தாண்டாது, வண்டி முழுக்க நடுங்குது. டி-க்கு மாற்றி ஹெட்லைட், புளோவர் போட்டதும் ஓஃப். அரை மணி நேரம் ஓடினாலும் டெம்பரேச்சர் முள் கால்வாசிக்கு மேல் ஏறாது, சைலன்சரில் பெற்றோல் வாடை வேறு. ஒரு மெக்கானிக் பாஸ் திரொட்டில் ஸ்க்ரூவைக் கூட்டலாம் என்கிறார், இன்னொருவர் இன்ஜெக்டர் என்கிறார். எதிலிருந்து தொடங்கலாம்?

ஸ்பானர்:
தம்பி, அந்த ஸ்க்ரூவைத் தொட விடாதீங்க. அது எஞ்சினுக்குக் காற்றுவிடும் திரொட்டில் தகடு சிக்காமல் இருக்க வைத்த அளவு, ஐட்ல் கூட்ட வைத்தது இல்லை. அதைத் திருகினால் தகடு மூடியிருப்பதைக் காட்டும் ஐடிஎல் கொண்டக்ட் விட்டுப்போகும். எக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்தது ஈசியூவுக்கு, அதாவது எஞ்சின் கம்பியூட்டருக்கு, தெரியாது.

நுவரெலியா 1,868 மீற்றர். காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அதே ஐட்லுக்கு, திரொட்டில் பாடிக்கு (தகடு இருக்கும் கூடு) அடியில், தகட்டைச் சுற்றிக் காற்று விடும் ஐட்ல் வால்வு இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும். கரி பிடித்த வால்வு கீழே சமாளிக்கும், மேலே வந்தால் முடியாது. அதனால் முதல் வேலை அதுதான்.

எஞ்சின் ஆறியதும் பற்றரி நெகட்டிவைக் கழற்றுங்க. அடியில் வரும் இரண்டு கூலன்ட் ஹோசையும் அடைத்துவிட்டு பாடியை இறக்குங்க. வால்வைப் பிடிக்கும் நாலு ஸ்க்ரூவும் தலை தேயக்கூடியவை. சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் மல்லுக்கட்டாமல் இம்பெக்ட் டிரைவரை வைத்து ஒரு தட்டுத் தட்டுங்க. கார்ப் கிளீனரும் பழைய டூத் பிரஷும் போதும். காற்று போகும் பக்கம் மட்டும் கழுவுங்க, கொயில் பக்கம் இறங்கக் கூடாது. உள்ளே சுழலும் கதவு விரலால் தள்ளினால் தடையில்லாமல் அசைய வேண்டும். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போட வேண்டாம்.

முள் ஏறாததற்கு தேர்மோஸ்டட்டைப் பாருங்க, எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு அது. அநேகமாக யாரோ கழற்றி வீசியிருப்பார்கள். சூடேறாமல் இருக்கத்தான் கழற்றுகிறார்கள், ஆனால் இந்தக் குளிரில் எஞ்சின் கடைசிவரை ஆறியே ஓடும், ஈசியூவும் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். வாடை அதனால்தான். 82 பாகையில் திறப்பதை, அதன் விளிம்பில் ஆடும் சின்ன ஊசி மேலே வருகிற மாதிரிப் பூட்டுங்க.

வயரிங்:
கூலன்ட் சென்சரையும் அளந்துவிடுங்க. ஈசியூவுக்குப் போகும் இரண்டு பின் சென்சர். மீற்றருக்குப் போவது வேறு. 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 0.2 முதல் 0.4. வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் சென்சர் முனையில் துரு கட்டியிருக்கும்.

பனிக்காற்று:
நன்றி அண்ணே. தேர்மோஸ்டட் இருந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது. வால்வும் கழுவியாச்சு. இப்போ ஓஃப் ஆவதில்லை, முள்ளும் பாதிக்கு வருது. ஆனால் சூடானதும் ஆர்பிஎம் 1,100க்கும் 1,800க்கும் இடையில் ஏறி இறங்குது.

ஸ்பானர்:
எங்கேயோ கூடுதல் காற்று உள்ளே போகுது. இந்த எஞ்சின் பெற்றோல் அளவை மெப் சென்சரால், அதாவது தகட்டுக்குப் பின்னால் உள்ள காற்றழுத்தத்தை வைத்து, முடிவு செய்வதால் காற்று கசிந்தால் பெற்றோலும் சேர்ந்து கூடும், ஐட்ல் ஏறும். கால் எடுத்த நிலையில் ஆர்பிஎம் எல்லை தாண்டியதும் ஈசியூ பெற்றோலை வெட்டும், விழுந்ததும் திரும்பக் கொடுக்கும். அந்த ஏற்ற இறக்கம் இதுதான்.

எயார் ஹோசைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்க. மெப் என்பதால் ஓடும். தகட்டுக்கு முன்னால் கீழே இருக்கும் ஓட்டையை விரலால் மூடுங்க. ஆர்பிஎம் விழுந்தால் காற்று வால்வு வழியாகப் போகுது: வால்வு சிக்கியிருக்கலாம், கூலன்டில் காற்று அடைத்திருக்கலாம். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி, ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழி நிற்கும்வரை ஓடவிட்டு நிரப்புங்க. அந்த ஓட்டையை மூடியும் ஆர்பிஎம் மாறாவிட்டால் வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் குறட்டால் நசுக்கிப் பாருங்க. பவர் ஸ்டியரிங் பம்பிலிருந்து வருவதை விடாதீங்க. அந்த ஹோசுக்குள் எண்ணெய் ஈரம் இருந்தால் ஸ்டியரிங் திருப்பும்போது ஐட்லைக் கூட்டும் ஐட்ல்-அப் வால்வு போய்விட்டது.

வயரிங்:
எஞ்சின் காற்றை இழுக்கும் பலத்தை அளக்கும் வேக்குவம் கேஜ் வைத்தால் ஒன்று கவனியுங்க. கடல் மட்டத்தில் 18 முதல் 20 பாதரச அங்குலம் காட்டும் நல்ல எஞ்சின் நுவரெலியாவில் 12 முதல் 14தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு வால்வ் சீட், ஹெட் என்று யாராவது எஞ்சினைப் பிரிக்கச் சொன்னால் விடாதீங்க.