வாஸ்துவுக்கு வாங்கிய நட்சத்திர ஆமை: எங்கே ஒப்படைப்பது?

மஞ்சக்குப்பம்:
கடலூரில் உறவினர் வீட்டில் உள்ளங்கை அளவு ஆமை ஒன்று இருக்கிறது. பணம் சேரும் என்று சொல்லிப் புதுச்சேரி ஆள் ஒருவர் வாட்ஸப் குழுவில் விற்றது. ‘பண்ணையில் பிறந்தது, பரிவேஷ் (மத்திய அரசின் இணையதளம்) பதிவு உண்டு’ என்று ரசீதும் கொடுத்திருக்கிறார். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, மூக்கில் குமிழி வருகிறது. இப்போது பயந்துபோய், கோயில் குளத்திலோ பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டிலோ விட்டுவிடலாம் என்கிறார்கள். விடலாமா? வழக்கு வருமா?

முட்புதர்க்காடு:
தயவுசெய்து குளத்தில் விடாதீர்கள். இது தரை ஆமை, மூழ்கிச் செத்துவிடும். முதலில் நட்சத்திர ஆமைதானா என்று பாருங்கள். ஓட்டின் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் மஞ்சள் பொட்டு, அதிலிருந்து கதிர் மாதிரி மஞ்சள் கோடுகள் பிரியும். கால் யானைக்கால்போலத் தடித்து, விரலுக்கிடையே சவ்வு இல்லாமல் இருக்கும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை, சவ்வுக் கால் என்றால் அது அமெரிக்கச் செங்காது ஆமை. அதையும் குளத்தில் விடக்கூடாது. நம்மூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

முந்திரிக்காடும் வேண்டாம். அங்கே தேயிலைக் கொசு என்ற முந்திரிப் பூச்சிக்கு மருந்தடிப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், இது எந்தக் காட்டில் பிடித்தது என்று தெரியாது. குஜராத், ராஜஸ்தான் பக்கத்து நட்சத்திர ஆமையும் தென்னாட்டு ஆமையும் மரபணுவிலேயே வேறு. வியாபாரிகள் பல ஊர் ஆமைகளை ஒரே தொட்டியில் குவிப்பதால் சளிநோய் தொற்றிக்கொள்கிறது. நோயோடு விட்டால் காட்டில் நல்லபடியாக இருப்பவற்றுக்கும் அது போய்ச் சேரும்.

சட்டம்_பேசுவோம்:
அந்த ரசீது செல்லாது. 2024 பிப்ரவரி விதிகளின்படி பரிவேஷில் நடக்கும் பதிவு, சைட்டிஸ் என்ற பன்னாட்டு வன உயிரின வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்குகளை வளர்ப்பவர்களுக்கு. நட்சத்திர ஆமை நம் நாட்டு விலங்கு. 2022 திருத்தத்தில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணைக்குப் போய்விட்டது. ‘பண்ணையில் பிறந்தது’ என்ற பேச்சும் எடுபடாது. தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சைட்டிஸிலும் 2019இல் முதல் பட்டியலுக்கு ஏற்றிவிட்டார்கள்.

வழக்கு வரவே வராது என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்ல வேண்டும் என்பது அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு. கெடு தாண்டியிருந்தாலும், ஒளித்து வைப்பதைவிடத் தானாகச் சொல்வது எவ்வளவோ மேல். ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு இன்றே மாவட்ட வன அலுவலகத்துக்குப் போன் செய்து, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாங்கிய தேதி, கொடுத்த தொகை, விற்றவர் எண் எழுதிய கடிதம் இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரையோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். புதுச்சேரி போகும் வழியில் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பிடிபட்டால் அது கடத்தல். தப்பித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அடுத்த வீட்டுக்கு விற்பார்.

கால்நடை_மருந்தகம்:
மூக்கில் குமிழி, கண் வீக்கம், வாயைத் திறந்து மூச்சு விடுவது எல்லாம் பெரும்பாலும் நுரையீரல் தொற்றின் அறிகுறி. ஈரச் சிமெண்டுத் தரையிலும் ஏசி அறையிலும் வைத்தால் முற்றும். கோழிக்குப் போடும் ஊசி மருந்தைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். அளவு தப்பினால் சிறுநீரகம் போய்விடும். பால், சோறு, பிஸ்கட் கூடாது, ஓட்டில் எண்ணெய் தடவக் கூடாது. வனத்துறை வரும்வரை அட்டைப்பெட்டி போதும்: ஆமையைப்போல் மூன்று மடங்கு நீளம், பக்கவாட்டில் பென்சில் நுழையும் ஓட்டைகள், அடியில் நாலு மடிப்புச் செய்தித்தாள். பிளாஸ்டிக் டப்பாவில் கால் வழுக்கி விரிந்துவிடும். தட்டில் தாடைக்குக் கீழே நிற்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் நிற்க விடுங்கள், பெரும்பாலும் குடிக்கும். பிறகு துடைத்துவிட்டு ஒரு பிடி அருகம்புல் வையுங்கள்.

மஞ்சக்குப்பம்:
நன்றி. வன அலுவலகத்துக்குப் பேசியாச்சு, மாலையில் வருகிறார்கள். விற்றவர் இன்னும் குழுவில் இருக்கிறார். வாங்குகிற மாதிரி பேசி வரவழைக்கலாமா?

முட்புதர்க்காடு:
வேண்டாம். முன்பணம் போட்டால் நீங்களும் வாங்கியவர் ஆகிவிடுவீர்கள். எண், குழுவின் பெயர், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உறவினர் பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்ணையும் சேர்த்து வையுங்கள். விற்றவர் புதுச்சேரி என்பதால் அங்குள்ள வனத்துறைக்கும், சென்னையில் இருக்கும் வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவின் தென்மண்டல அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். சில்லறையாக ஒன்றிரண்டு விற்பவருக்குப் பின்னால் பெரிய கூட்டம் இருக்கும். இந்தியாவில் ஒரே இடத்திலிருந்து ஒரே வருடத்தில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகளைத் திருட்டுத்தனமாகப் பிடித்ததாக ஒரு ஆய்வு கணக்கிட்டது. தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் பெட்டிகளில் போவது இவைதான். அந்தப் படத்தை வேறு குழுக்களில் எச்சரிக்கை என்று பகிராதீர்கள், அது அவருக்கு இலவச விளம்பரம். அதிகாரிகள் சொல்லும்வரை குழுவை விட்டு வெளியேறவோ பணத்தைத் திருப்பிக் கேட்கவோ வேண்டாம். கேட்ட நிமிடமே எண்ணை மாற்றிவிடுவார்.