ஐந்து வெற்றிகளோடு காத்திருந்த அணிகள்: பள்ளிக் கால்பந்து பிளேஆஃப் அனுபவங்கள்

இல்லினாய், சிகாகோவின் மேற்குப் புறநகரிலிருந்து:

பிள்ளைகள் உயர்நிலைப்பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர்ந்தபின் ஆட்டத்தின் விதிகளை நாம் எப்படியோ கற்றுக்கொண்டுவிடுகிறோம். ஆனால் அக்டோபர் இறுதியில் ஒரு பள்ளி பிளேஆஃபுக்கு, அதாவது தோற்றால் வெளியேறும் மாநிலப் பட்டச் சுற்றுகளுக்கு, போவதும், அதே அளவு வென்ற பக்கத்துப் பள்ளி வீட்டிலிருப்பதும் ஏன் என்பது பல பெற்றோருக்குப் புரிவதில்லை. என் மகன் விளையாடிய ஆண்டுகளில் இங்கே நடைமுறையிலிருந்த முறையை, நாங்கள் அதை நேரில் எதிர்கொண்டபடியே எழுதுகிறேன்.

ஒவ்வொரு அணிக்கும் ஒன்பது ஆட்டங்கள். மாநிலம் முழுவதிலிருந்தும் 256 அணிகள் தேர்வாயின. கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆண்டுதோறும் ஆடும் பள்ளிகளின் குழு) பட்டம் வென்ற அணிகளுக்கு முதலில் இடம் தரப்பட்டது. ஆறு ஆட்டங்களை வென்ற அணிகளும் நிம்மதியாக இருக்கலாம். ஐந்தில் வென்று நான்கில் தோற்ற அணிகளுக்குத்தான் உண்மையான சோதனை, ஏனெனில் எஞ்சிய இடங்கள் ‘பிளேஆஃப் புள்ளிகள்’ என்ற கணக்கின்படி நிரப்பப்பட்டன. ஓர் அணி எதிர்கொண்ட ஒன்பது அணிகளும் அந்தப் பருவத்தில் பெற்ற வெற்றிகளின் கூட்டுத்தொகையே அந்தப் புள்ளி. எதிரணிகள் சராசரியாகப் பாதி ஆட்டங்களை வென்றிருந்தால் அது 40-ஐ ஒட்டி நிற்கும். நாம் தோற்கடித்த அணியா, நம்மைத் தோற்கடித்த அணியா என்ற பாகுபாடு இதில் கிடையாது. தொகை சமமாக இருந்தால் மட்டுமே, நாம் வென்ற அணிகளின் வெற்றிகளைத் தனியே கூட்டிப் பார்ப்பார்கள்.

எங்கள் அணி ஐந்து வெற்றிகளோடு பருவத்தை முடித்தபோது, கடைசி வெள்ளி இரவு நாங்கள் எங்கள் ஆட்டத்தைவிட மற்ற ஊர்களின் ஆட்டங்களையே அதிகம் கவனித்தோம். செப்டம்பரில் எங்களை மிக மோசமாகத் தோற்கடித்த ஓர் அணி அன்றைக்கும் வெல்ல வேண்டும் என்று பெற்றோர் அனைவரும் மனதார வேண்டிக்கொண்டிருந்தோம், ஏனெனில் அவர்களுடைய ஒவ்வொரு வெற்றியும் எங்கள் கணக்கில் ஒரு புள்ளி. மறுநாள் மாலை பட்டியல் வெளியானபோது எங்களுக்கு இடம் கிடைத்திருந்தது. எங்களைப் போலவே ஐந்து வென்ற பக்கத்து ஊர்ப் பள்ளிக்குக் கிடைக்கவில்லை.

தேர்வான 256 அணிகளையும் மாணவர் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி, 32 அணிகள் கொண்ட எட்டுப் பிரிவுகளாகப் பிரித்தபின்தான் நாம் எந்தப் பிரிவில் ஆடப்போகிறோம் என்பதே உறுதியாகும். எல்லைப்பகுதி இல்லாமல் எங்கிருந்தும் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் தனியார் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்கி எடுத்துக்கொள்வார்கள். மிகப் பெரிய பள்ளிகளுக்குரிய 7ஏ, 8ஏ பிரிவுகளில் 1 முதல் 32 வரை ஒரே தரவரிசை. மற்ற பிரிவுகளில் வடக்கு, தெற்கு என்று பிரித்து ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை. முதலிடத்து அணி கடைசி இடத்து அணியோடு மோதும்.

இந்த முறையில் எனக்கு உறுத்தலாக இருக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஐந்து அல்லது ஆறு வெற்றி என்பதே வாசற்படி ஆகிவிட்டதால், வலுவான பள்ளிகளோடு ஆடுவதைத் தவிர்க்கவும், வெல்லக்கூடிய எதிரணிகள் உள்ள கான்ஃபரன்ஸுக்கு மாறவும் பள்ளிகள் முனைந்தன. தலைமுறைகளாக ஒன்றோடொன்று மோதிவந்த பள்ளிகள்கூட இதனால் பிரிந்துபோயின. மாணவர்கள் ஆண்டுதோறும் ஆவலோடு எதிர்பார்க்கும் ஆட்டங்கள் இவ்வாறு மறைவது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன்.

டெக்சஸ், டல்லாஸ் அருகிலிருந்து:

ஐயா எழுதியதைப் படித்தபோது, எங்கள் மாநிலத்தில் வெளியூர் அணிகளின் முடிவுகளைப் பார்க்க வேண்டிய தேவை எவ்வளவு குறைவு என்பது புரிந்தது. டெக்சஸில் டிஸ்ட்ரிக்டுதான், அதாவது தங்களுக்குள் மோதும் பள்ளிகளின் குழுதான், எல்லாம். என் மகள் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவில் இருந்ததால் நான்கு ஆண்டுகளும் வெள்ளி இரவுகளை மைதானத்தில் கழித்தவள் நான். ஒரு டிஸ்ட்ரிக்டில் முதல் நான்கு இடங்களைப் பிடிக்கும் அணிகள் பிளேஆஃபுக்குப் போகும். டிஸ்ட்ரிக்டுக்கு வெளியே ஆடிய ஆட்டங்களில் தோற்றாலும் தகுதிக்குக் கேடில்லை. ஆகவே இங்குள்ள பயிற்சியாளர்கள் பருவத்தின் தொடக்கத்தில் வலுவான அணிகளை அஞ்சாமல் அழைக்கிறார்கள்.

மிகப் பெரிய பள்ளிகளுக்கான 6ஏ பிரிவில் நான் கண்ட ஒரு விந்தையையும் சொல்ல வேண்டும். தகுதி பெற்ற நான்கு பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள இரண்டு முதல் டிவிஷனுக்கும், மற்ற இரண்டு இரண்டாம் டிவிஷனுக்கும் போகும். எங்கள் டிஸ்ட்ரிக்டில் ஓர் ஆண்டு மூன்றாம், நான்காம் இடங்களைப் பிடித்த பள்ளிகளே அளவில் பெரியவையாக அமைந்ததால், மூன்றாம் இடத்துப் பள்ளி முதல் டிவிஷனில் எங்கள் டிஸ்ட்ரிக்டின் முதல் அணியாக நுழைந்தது. அந்த மாணவர்களின் மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் இடம் பெற்ற அணி தன் டிவிஷனிலும் இரண்டாவதாகவே நுழைந்ததைப் பார்த்தபோது மனம் கனத்தது.

சமநிலை ஏற்பட்டால் எப்படி முடிவெடுப்பது என்பதை அந்தந்த டிஸ்ட்ரிக்டின் குழு வகுத்துக்கொள்ளும். 1988-இல் ஒடெஸாவின் பெர்மியன், மிட்லாண்ட் லீ, மிட்லாண்ட் ஆகிய மூன்று பள்ளிகள் சமநிலையில் நின்றன. அப்போது இரண்டு அணிகளுக்கே இடம் இருந்ததால் பூவா தலையா போட்டுப் பார்த்தார்கள்; மிட்லாண்ட் பள்ளி வெளியேறியது. பெர்மியன் அரையிறுதிவரை போய் டல்லாஸ் கார்ட்டர் பள்ளியிடம் தோற்றது. மதிப்பெண் குறைந்தால் ஆட முடியாது என்ற மாநில விதி, 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அப்போது நடப்பில் இருந்தது. தகுதியில்லாத மாணவரை ஆடவிட்டதாகக் கூறி கார்ட்டர் வென்ற பட்டத்தைப் பின்னர் பறித்துவிட்டார்கள். தகுதி என்பது அணிக்கு மட்டுமன்று, ஒவ்வொரு மாணவருக்கும் உரியது என்பதைப் பெற்றோர் மறக்கக் கூடாது.

ஒகாயோ, கொலம்பஸிலிருந்து:

இங்கே 1972 முதல் ‘ஹார்பின் புள்ளிகள்’ என்ற கணக்குதான். ஓர் அணியை வென்றால் அந்த அணி எந்த டிவிஷனை (இங்கே இது பள்ளியின் அளவுப்படியான பிரிவு) சேர்ந்தது என்பதைப் பொறுத்துப் புள்ளி. நாம் வென்ற அந்த அணி பிறரை வெல்லும்போது மேலும் புள்ளி. நம்மைத் தோற்கடித்தவர்கள் எத்தனை ஆட்டங்களில் வென்றாலும் நமக்கு எதுவும் சேராது. இல்லினாய் முறையிலிருந்து இது அடியோடு வேறுபடுகிறது. 2021-இல் ஒவ்வொரு மண்டலத்திலும் 16 அணிகளுக்கு இடம் தந்தார்கள். அப்போது முதல் சுற்று ஆட்டங்கள் பல ஒருதலைப்பட்சமாக முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். 2025-இல் அதை 12 ஆகக் குறைத்து, முதல் நான்கு அணிகளுக்கு முதல் சுற்றில் ஓய்வு தந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இல்லினாயிலிருந்து எழுதியவரிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு: இல்லினாயில் சொந்த ஊரில் ஆடும் உரிமை யாருக்கு?

இல்லினாய், சிகாகோவின் மேற்குப் புறநகரிலிருந்து:

நல்ல கேள்வி. முதல் சுற்றில் தரவரிசையில் மேலுள்ள அணியின் மைதானத்தில் ஆட்டம் நடக்கும். அடுத்த சுற்றுகளில், அதுவரை சொந்த ஊரில் குறைவான ஆட்டங்கள் ஆடிய அணிக்கு முன்னுரிமை. அதிலும் சமமாக இருந்தால்தான் தரவரிசை பார்க்கப்படும். 14-ஆம் இடத்தில் இருந்த நாங்கள் மூன்றாம் இடத்து அணியை அவர்கள் ஊரிலேயே வென்றோம். எங்களை அடுத்து எதிர்கொண்ட ஆறாம் இடத்து அணி ஏற்கெனவே சொந்த ஊரில் ஆடிவிட்டதால், அந்த ஆட்டம் எங்கள் மைதானத்துக்கு வந்தது. அவர்களை 11-ஆம் இடத்து அணி வீழ்த்தியிருந்தால், இருவருமே வெளியூரில் ஆடியவர்கள் என்ற கணக்கில், தரவரிசையில் எங்களுக்கு மேலிருந்த அந்த 11-ஆம் இடத்து அணியின் ஊருக்கே நாங்கள் போயிருக்க வேண்டும்.