மாடியில மீனும் கீரையும்: முதல் வருஷம் பட்ட பாடு

மதுரை மாடிக்காரன்:

500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, நெடுக்கே இரண்டாக அறுத்த நீல டிரம் ஒன்று. தொட்டியில் ஜிலேபி மீன், டிரம்மில் கல் நிரப்பிக் கீரை. மீன் தண்ணீரைப் பம்பு டிரம்முக்கு ஏற்றும், கல்லில் வடிந்து அது திரும்பத் தொட்டிக்கே வரும். அக்வாபோனிக்ஸ் என்பார்கள். வீடியோவில் பார்த்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாகத்தான் தெரிந்தது. மூன்றாம் நாளே 30 குஞ்சு வாங்கி விட்டேன். பத்தாம் நாள் காலையில் 11 குஞ்சுகள் வயிறு மேலே தெரிய மிதந்தன.

மீன் கழிக்கும் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா கல்லில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். முதலில் ஒரு கூட்டம் வந்து அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். அதற்குப் பின்னால்தான் அதை நைட்ரேட்டாக்கும் கூட்டம் பெருகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் மீனுக்கு விஷம், நைட்ரேட் செடிக்குச் சாப்பாடு. நான் வெறுங்கல்லை நம்பி மீனை விட்டிருக்கிறேன்.

மிச்சத்தை அக்கா வீட்டுக் கிணற்றில் விட்டுவிட்டு, மீனே இல்லாமல் தினமும் ஒரு சிட்டிகை தீவனம் மட்டும் போட்டு அழுக விட்டேன், அதில் வரும் அம்மோனியா பாக்டீரியாவுக்குத் தீனி. "மீனில்லாத தொட்டிக்குச் சோறு போடுறான்" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஐந்தாம் வாரம் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தன. தண்ணீர் மாதிரியில் சோதனைச் சொட்டு விட்டு நிறம் பார்க்கிறவர்கள் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை, பச்சை என்றால் இருக்கிறது. டியூப்லைட்டில் இளம்பச்சையை மஞ்சள் என்று நினைத்து இரண்டு முறை ஏமாந்தேன்.

மறுபடி விட்ட மீன் நன்றாக இருந்தது. ஆனால் பாலக்கின் இளந்தளிர் வெளுத்துப்போய் நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச்சத்துக் குறைவு. இரும்பு வாங்கி ஊற்றியும் பயனில்லை. பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு, 7 நடுநிலை) 8.2. எதைக் கொட்டிக் குறைத்தாலும் இரண்டே நாளில் பழைய இடத்துக்கு ஏறிவிடும். அந்த பிஎச்சில் இரும்பு தண்ணீரில் இருந்தும் செடியால் எடுக்க முடியாது. அம்மோனியாவின் விஷமும் 7-ல் இருப்பதைவிடப் பல மடங்கு.

ஒரு நாள் படுகைக் கூழாங்கல்லில் ஒரு கைப்பிடியை எடுத்து எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு வினிகரை ஊற்றினேன். வெள்ளைக் கற்களைச் சுற்றிச் சோடா மாதிரி பொங்கியது. உள்ளே கிளிஞ்சல் துண்டுகளும் கிடந்தன. அழகாக இருக்கிறதென்று நான் பொறுக்கிப் பொறுக்கி வாங்கிய கல் அத்தனையும் சுண்ணாம்பு! அது கரைந்து கரைந்துதான் பிஎச்சை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது.

கட்டுமான வேலைக்கு வாங்கும் கருங்கல் முக்கால் ஜல்லிதான் இப்போது கிடக்கிறது. தூசு போக ஏழெட்டுத் தண்ணீர் கழுவினேன். ஒரே நாளில் மாற்றவில்லை, பாதி பாதியாக. முழுக்க எடுத்திருந்தால் ஐந்து வாரம் வளர்த்த பாக்டீரியாவும் சேர்ந்து போயிருக்கும்.

திருச்சியிலிருந்து:

அண்ணே, எனக்கு ஆனது கரண்ட் கட்டில். மே மாசம், ராத்திரி ரெண்டு மணிக்குப் போன கரண்ட் விடிஞ்சுதான் வந்துச்சு. மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளந்து நின்னுச்சு. சூடான தண்ணியில ஆக்சிஜன் நிக்கிறதே கம்மி, அதுல நான் ராத்திரி எட்டு மணிக்கு வயிறு முட்டத் தீவனம் வேற போட்டிருந்தேன், அது செரிக்கவும் ஆக்சிஜன் வேணும். இப்ப கடைசித் தீவனம் நாலு மணிக்கு, பேட்டரியில ஓடுற சின்ன ஏர் பம்பு ஒண்ணு. இன்னொண்ணு, தண்ணி பம்பைத் தொட்டி அடியில வைக்காதீங்க, நாலு செங்கல் அடுக்கி மேல வைங்க. எனக்கு ஒரு தடவை டியூப் கழண்டு தண்ணி பூரா தெருவுக்குப் போச்சு. செங்கல் உயரத்துக்கு மிஞ்சின தண்ணியிலதான் மீன் பிழைச்சுது.

கோவையிலிருந்து:

பெல் சைஃபன் (டிரம்முல தண்ணி நிறைஞ்சதும் தானா உறிஞ்சி வடிச்சு விடுற குழாய்) வச்சவங்க சொல்லுங்க, எனக்குத் தண்ணி உறிஞ்சவே மாட்டேங்குது, குழாய் விளிம்புல வழிஞ்சுக்கிட்டே இருக்கு.

மதுரை மாடிக்காரன்:

வரத்து குறைந்தால் உறிஞ்சத் தொடங்காது, கூடினால் நிற்காது. முதலில் பம்பின் திருகைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் கீழே இறங்கும் குழாய் நுனியில் ஒரு எல்போ (வளைவுத் துண்டு) மாட்டுங்கள், தண்ணீர் குழாயை அடைத்து நிற்க வேண்டும். நான் மாட்டிய அன்று ராத்திரி பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் டிரம் 'கடகட'வென்று உறிஞ்சியது. விடிந்ததும் கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்து, யார் வீட்டு மோட்டார் காற்று இழுக்கிறது என்று கேட்டார்.