1965 மஸ்டாங் வாங்கப் போன இடத்தில்

அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு பெரியவர் 1965 ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் (கூரை பின்னால் சரிந்து இறங்கும் கார்) விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். அசல் ஜிடி என்றுதான் விளம்பரம். தோற்றமும் அப்படியே: கிரில்லில் இரண்டு ஃபாக் விளக்குகள், கதவுக்குக் கீழே நீளக் கோடு, ஐந்து வட்ட மீட்டர், பாய்ந்தோடும் குதிரைகள் பதித்த சீட்டு.

சிக்கல் என்னவென்றால், அந்த வருடத்தில் ஜிடி என்பது தனி மாடலே இல்லை. 1965 ஏப்ரலில் ஃபோர்டு விற்க ஆரம்பித்த ஒரு கூடுதல் பேக்கேஜ், அவ்வளவுதான். அதனால் ஆலையில் குத்தும் வண்டி எண்ணில் (பதிவு எண் அல்ல) அது வராது. எண்ணில் வருவது வருடம், ஆலை, பாடி, எஞ்சின். பாடிக்கு 07 என்றால் ஹார்ட்டாப் (சாதாரணக் கூரை), 08 கன்வெர்டிபிள் (மடக்கும் கூரை), 09 ஃபாஸ்ட்பேக். அடுத்த எழுத்து எஞ்சினைச் சொல்லும்: டி ஆறு சிலிண்டர், சி, ஏ, கே மூன்றும் வி8 (எட்டு சிலிண்டர்), முறையே 200, 225, 271 குதிரைத்திறன். ஜிடி பேக்கேஜ் ஏ, கே இரண்டுக்கும்தான் கிடைத்தது.

பானட்டைத் திறந்து, டிரைவர் பக்க உள் ஃபெண்டரில் குத்தியிருந்த எண்ணைப் படித்தேன். 09ஏ. சரி, பொருந்துகிறது. அப்புறம் டிரைவர் கதவில் இருக்கும் தகடு. தேதி 14எல். 14 என்பது நாள், எழுத்து மாதம்; ஏ-யை ஜனவரியாக வைத்து, ஐ எழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் எல் என்பது நவம்பர். ஆக, வண்டி 1964 நவம்பரில் உருவானது. அப்போது ஜிடி கடைக்கே வரவில்லை. அதே தகட்டில் பாடி குறியீடு 63ஏ, அதாவது சாதாரண உள்ளலங்காரம். குதிரை சீட்டு ஆலையில் போட்டிருந்தால் 63பி என்று இருக்கவேண்டும்.

தகடு புதிதாக அடித்தும் கிடைக்கும் என்பதால் வண்டிக்கு அடியிலும் படுத்துப் பார்த்தேன். உண்மையான ஜிடியில் இரட்டை சைலன்சரைத் தாங்க, பின் ஃபிரேமில் வலுவூட்டும் தகடுகள் வெல்டிங் செய்திருக்கும். இதில் யாரோ துளை போட்டு போல்ட் முடுக்கியிருந்தார்கள். 1967 முதல் வந்த ஃபோர்டு என்றால் மார்ட்டி ரிப்போர்ட் வாங்கினால் ஆலைப் பதிவே கைக்கு வந்துவிடும். 65, 66-க்கு அந்த வசதி இல்லை, இரும்பைத்தான் கேட்கவேண்டும்.

பெரியவர் ஏமாற்றவில்லை, அவர் வாங்கும்போதே அப்படித்தான் இருந்ததாம். ஏ எஞ்சின் ஃபாஸ்ட்பேக்குக்கு என்ன விலையோ அதற்கு இறங்கி வந்தார், எடுத்துக்கொண்டேன். ஓட்டுவதற்கு இதுவே தாராளம்.

*

மேலே எழுதியவருக்கு நடந்ததுபோல, மஸ்டாங் பார்க்கப் போன இடத்தில் எனக்கும் ஒன்று நடந்தது. விற்றவர் ஃபாஸ்ட்பேக் என்கிறார், கூரையும் பின்னால் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, எண்ணில் மட்டும் 07. டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கினால் ஓரமெல்லாம் புது வெல்டிங் தழும்பு. ஹார்ட்டாப்பின் கூரையை அறுத்துவிட்டு ஃபாஸ்ட்பேக் கூரையை ஒட்டவைத்திருக்கிறார்கள். இந்த வேலைக்கான தகடுகள் இன்று புதிதாகவே விற்கின்றன, வேலையும் நன்றாகத்தான் இருந்தது. எண்ணில் எஞ்சின் எழுத்து டி, பானட்டுக்குள் உட்கார்ந்திருந்ததோ வி8. சக்கர மூடியைக் கழற்றச் சொன்னேன். நான்கு நட்டு. வி8-ஆகவே பிறந்த வண்டிக்கு ஐந்து இருக்கும். ஆக, பிரேக்கும் ஆறு சிலிண்டருக்குப் போட்ட அதே சின்ன டிரம்தான். அதன்மேல் கனமான, வேகமான எஞ்சின். கூரையைக்கூட மன்னித்திருப்பேன், பிரேக்கை முடியாது.