கை நிறைய ஆர்டர், கையில் பணமில்லை: பாக்கி வசூல் பற்றிய அனுபவப் பகிர்வு

மெஷினிங் பட்டறை, கோவை:
ஆர்டர் கூடும்போதுதான் சிறு பட்டறைக்குக் கழுத்து இறுகும். ஜூலை 5-ல் ஒரு லட்சத்துக்கு பில், 18% ஜிஎஸ்டி சேர்த்து 1,18,000 என்று வையுங்கள். மாதக் கணக்கு தாக்கல் செய்பவர் அந்த வரியை, உள்ளீட்டு வரி (வாங்கிய பொருளுக்கு நாம் ஏற்கெனவே கட்டிய ஜிஎஸ்டி) போக, ஆகஸ்ட் 20-க்குள் கட்டியாக வேண்டும். வாங்கும் பார்ட்டி 90 நாள் கடன் கேட்டால் பணம் வருவது அக்டோபரில். அதுவரை கூலி, கரண்ட் பில், வரி எல்லாம் நம் கைக்காசு. பில் மூன்று மடங்கானால் இந்தப் பள்ளமும் மூன்று மடங்கு. பார்ட்டி தரும் பொருளில் செய்யும் கூலி வேலை என்றால் கழிக்க உள்ளீட்டு வரியும் பெரிதாக இருக்காது.

வங்கிக் கடன் ஆலோசகர்:
சிசி லிமிட் (கேஷ் கிரெடிட், அதாவது தொழில் நடத்த வங்கி தரும் கடன் வரம்பு) 25 லட்சம் என்றால் 25 லட்சமும் எடுக்கலாம் என்று நினைப்பதுதான் முதல் சிக்கல். எடுக்க முடிவது டிராயிங் பவர் அளவுக்குத்தான், அதாவது நம் சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் வைத்து வங்கி கணக்கிடும் தொகை. பெரும்பாலான வங்கிகள் 90 நாள் தாண்டிய பாக்கியைக் கணக்கிலேயே சேர்க்காது. மார்ஜின் (வங்கி கழித்துக்கொள்ளும் பங்கு) 40% என்றால், 10 லட்ச ரூபாய் பில் ஒன்று 91-ஆம் நாளைத் தொட்டதும் 6 லட்சம் குறைந்துவிடும். பார்ட்டி இழுத்தடிக்கும் அதே மாதத்தில் வங்கியும் கையைச் சுருக்கும்.

கணக்காளர்:
2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை செல்லாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். பர்ச்சேஸ் ஆர்டரில் 90 என்று அச்சடித்திருந்தாலும் அதே கதைதான். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி.

வழக்கு தோற்பது பெரும்பாலும் டெலிவரி சலானில். சரக்கு இறங்கிய தேதியோடு கேட் சீல், கையெழுத்து இரண்டும் வேண்டும். குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சரக்கு இறங்கிய நாளிலிருந்தே கணக்கு ஓடும். இரண்டு மாதம் கழித்து, சரக்கு சரியில்லை என்று தொகையைக் குறைத்து வரும் ரிஜெக்‌ஷன் டெபிட் நோட்டுக்கு இதுதான் பதில். உடனே எழுத்தில் மறுத்துவிடுங்கள், சும்மா ஃபைலில் போடாதீர்கள்.

உத்யம் பதிவை (எம்எஸ்எம்இ நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) முதல் சப்ளைக்கு முன்பே முடித்து, எண்ணை பில்லிலேயே அச்சடியுங்கள். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் எண் கிடைத்தாலும் இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது.

வரி ஆலோசகர்:
1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவாக 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி ஒன்று உண்டு. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டியும் தராத பாக்கியை, தரும் ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். ஆனால் மார்ச் 31-க்குள் தந்துவிட்டால் அந்த ஆண்டுக் கழிவு போகாது. அதனால் ஜூன் பில்லுக்கு இது பெரிய மிரட்டல் இல்லை. பிப்ரவரி கடைசியில் பாக்கிப் பட்டியலை உத்யம் நகலோடு அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு அனுப்பினால் வேலை செய்யும்.

மெஷினிங் பட்டறை, கோவை:
பாக்கி வராவிட்டால் அரசின் ஆன்லைன் தளத்தில் புகார் போடலாமா?

கணக்காளர்:
அந்தப் பார்ட்டியிடம் இனி வேலை வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகு போடுங்கள். முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக வாங்கியவர் 75% தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். நம் பிடி அங்கேதான். உறவு தொடர வேண்டுமென்றால் டிரெட்ஸ் தளத்தில் (பில்லுக்கு வங்கிகள் முன்கூட்டியே பணம் தரும் ஆன்லைன் தளம்) பில்லைச் சிறு கழிவோடு பணமாக்கலாம். பார்ட்டி பில்லை ஏற்றபின் பணம் வந்துவிடும், பிறகு அவர் கட்டாவிட்டாலும் நம்மிடம் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அவரும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளுக்கு அது இப்போது கட்டாயம்.