சென்டினல் தீவுக்குப் போன சாவ்: விசுவாச வீரரா, அத்துமீறியவரா?

நெல்லைச்சீமை:
எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் ஜான் ஆலன் சாவ் பற்றிப் பேச்சு வந்தது. 2018 நவம்பரில் அந்தமானில் உள்ள வடக்கு சென்டினல் தீவில், வெளியாரை அண்டவிடாத பழங்குடியினரிடம் சுவிசேஷம் சொல்லப் போய் அவர்களால் கொல்லப்பட்ட 26 வயது அமெரிக்கர். இரத்தசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர், என்று நான் சொன்னதும் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். இயேசுவைப் பற்றிப் பேசக்கூடாது என்று யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கம் மிரட்டியபோது அவருடைய சீஷர்கள் பேதுருவும் யோவானும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் இன்றைக்கு நாமெல்லாம் எந்தச் சபையில் உட்கார்ந்திருப்போம்? கையில் ஆயுதம் இல்லை, தான் செத்தால் அவர்கள்மேல் கோபப்படாதீர்கள் என்று பெற்றோருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனவர். இதற்குத் தைரியம் என்று பேர் இல்லையா?

வழிப்போக்கன்:
தைரியம்தான், யார் இல்லை என்றார்கள். ஆனால் விலை கொடுத்தது அவர் மட்டுமா? 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு விதிப்படி அந்தத் தீவை நெருங்குவதே குற்றம். ராத்திரியில் படகில் கொண்டுபோய் விட மீனவர்களுக்குக் காசு கொடுத்தார், அப்புறம் அந்த மீனவர்கள் உட்பட ஏழு பேர் கைதானார்கள். நம் உடம்புக்குச் சாதாரண சளிக்காய்ச்சல் அவர்களுக்கு எமன். 1880இல் போர்ட்மேன் என்ற ஆங்கில அதிகாரி அங்கிருந்து ஒரு வயதான தம்பதியையும் சில பிள்ளைகளையும் போர்ட் பிளேருக்குத் தூக்கிக்கொண்டு போனார், எல்லாரும் நோயில் விழுந்தார்கள், பெரியவர்கள் இருவரும் செத்தே போனார்கள். அந்த ஜனம் வில்லை எடுக்கிறது என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

நெல்லைச்சீமை:
அதற்காகத்தானே தடுப்பூசி எல்லாம் போட்டு, தன்னைத் தனிமைப்படுத்திக்கொண்டு போனார்? அதை யாரும் சொல்வதில்லை.

தரங்கைவாசி:
தம்பி, நானும் விசுவாசிதான், ஆனாலும் பேதுருவை இதற்கு இழுக்காதீர்கள். பேதுரு நின்றது அதிகாரத்தில் இருந்தவர்கள் முன்னால், அவர்கள் நினைத்தால் அவரைச் சிறையில் தள்ளலாம், தள்ளவும் செய்தார்கள். எங்கள் ஊருக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கதையையே எடுங்கள். 1706இல், அப்போது டென்மார்க்கின் கையில் இருந்த தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், டென்மார்க் ராஜா அனுப்பிய ஆள், ஆனாலும் அவரை நாலு மாதம் கோட்டையில் அடைத்து வைத்தது உள்ளூர் ஜனம் இல்லை, அதே டென்மார்க்கின் கமாண்டர் ஹாசியஸ், அதாவது ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்! ஒரு விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பேசியதுதான் உரசலுக்குக் காரணம். எதிர்ப்பையும் மீறிய துணிவு என்றால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அதற்கு முன்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர், சும்மா கரையில் நின்று கத்திவிட்டுப் போகவில்லை.

நெல்லைச்சீமை:
ஐயா, சீகன்பால்குவை மட்டும் யார் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள்? அவரும் விக்கிரகங்களைக் கண்டித்துப் பேசியவர்தான், நம் ஜனத்துக்கும் அன்றைக்கு அது கசக்கத்தான் செய்திருக்கும். முந்நூறு வருஷம் ஆகிவிட்டதால் அவர் மகான், நேற்றுப் போனதால் சாவ் முட்டாளா?

வழிப்போக்கன்:
வித்தியாசம் வருஷத்தில் இல்லை. சீகன்பால்குவிடம் தமிழர்கள் திருப்பிக் கேட்டார்கள், சண்டை போட்டார்கள், அவர் கேள்விகளுக்குக் கடிதத்தில் பதில் எழுதினார்கள், அந்தக் கடிதங்கள் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் அச்சாகவும் செய்தன. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருந்தது, சொன்ன பிறகும் நிம்மதியாக ஊரில் இருக்க முடிந்தது. சென்டினல்காரர்களுக்குச் சொல்ல அம்பு ஒன்றுதான் இருக்கிறது, அதையும் சொல்லிவிட்டார்கள்: முதலில் எய்த அம்பு சாவ் வைத்திருந்த பைபிளில் தைத்தது. உங்கள் இயேசுவே ஏற்றுக்கொள்ளாத ஊரை விட்டுக் கால் தூசியை உதறிவிட்டு வரச் சொன்னாரே, அம்பு தைத்த பிறகும் சாவ் மறுபடி ஏன் போனார்?

நெல்லைச்சீமை:
கல்லெறிந்து, செத்தான் என்று ஊருக்கு வெளியே இழுத்துப்போட்ட பிறகு அப்போஸ்தலர் பவுல் எழுந்து அதே லீஸ்திரா ஊருக்குள் போனாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

தரங்கைவாசி:
போனார், மறுநாளே தெர்பை என்ற வேறு ஊருக்குக் கிளம்பியும் விட்டார். பிறகு திரும்பி வந்ததும் அங்கே ஏற்கெனவே சீஷர்கள் இருந்ததால். அந்த மீனவர்கள் வழக்குக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மட்டும் நீங்கள் இன்னும் பக்கத்திலேயே வரவில்லை தம்பி.