கேஸ் பாதி இருக்கும்போதே அடுப்பு அணைகிறது: பனிக்கால லாட்ஜுக்கு உதவி தேவை

கிப்பர்_சமையலறை:
வணக்கம். இமாச்சலில் ஸ்பிதி பள்ளத்தாக்கு, கிப்பர் கிராமத்து லாட்ஜ் ஒன்றில் சமையலையும் ஸ்டோரையும் பார்த்துக்கொள்கிறேன். உயரம் சுமார் 14,000 அடி. பனிச்சிறுத்தை பார்க்க வருகிறவர்களால் ஜனவரி, பிப்ரவரியில்தான் எங்களுக்குக் கூட்டம். மணாலி பக்கம் குன்சும் கணவாய் மூடிவிட்டது. இனி சரக்கு எல்லாம் சிம்லா, கின்னௌர் சுற்றி, ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா வந்து, அங்கிருந்து ஜீப்பில் ஏற வேண்டும். பெரிய பனி விழுந்தால் அதுவும் நின்றுவிடும்.

19 கிலோ சிலிண்டரை வெளிக்கொட்டகையில் வைத்திருக்கிறோம். புதிதாக மாட்டினால் நன்றாக எரிகிறது. பாதி ஆனதும் காலையில் தீ சிணுங்குகிறது, டீக்குத் தண்ணீர்கூடக் கொதிப்பதில்லை. ஆட்டினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்கிறது. ரெகுலேட்டரை மாற்றியாயிற்று, டியூபிலும் அடைப்பில்லை. ஜீப் டிரைவர் கொதிக்கிற தண்ணீரை ஊற்றச் சொல்கிறார். செய்யலாமா?

பழைய_சிப்பாய்:
தம்பி, கொதிநீர் வேண்டவே வேண்டாம். தீயும் காட்டக் கூடாது.

ரெகுலேட்டர் சரியாகத்தான் இருக்கும். நம் ஊர் கேஸ் புரோபேன், பியூட்டேன் இரண்டும் கலந்தது. புரோபேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும். பியூட்டேனுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம் வேண்டும். குளிரில் முதலில் புரோபேன் எரிந்து தீர்கிறது. பாதிக்குமேல் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். அதுதான் உள்ளே தளும்புகிறது, மேலே வர மாட்டேன் என்கிறது. போதாததற்கு, எரிய எரிய சிலிண்டர் தானாகவே இன்னும் குளிரும். வெளியே வெள்ளையாக உறைபனி படிந்திருக்குமே, பார்த்திருப்பீர்கள்.

வெயில் விழுகிற தெற்குப் பக்க அறைக்கு மாற்றுங்கள். தந்தூர் (அறையைச் சூடாக்கும் இரும்பு அடுப்பு) எரிகிற அறைக்கு அடுத்த அறை நல்லது, அதே அறை கூடாது. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் நிலவறை வேண்டாம், கதவடியில் காற்று போக வழி இருக்கட்டும். ஏஜென்சி ஆளை வைத்து இரண்டு சிலிண்டரைச் சேர்த்து இணைத்தால் ஒவ்வொன்றிலும் இழுப்பு பாதியாகும், குளிர்வதும் குறையும்.

மலை_மெஸ்:
அண்ணன் சொன்னது சரி. கேஸை மிச்சம் பிடிக்கவும் பாருங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. ராஜ்மா, கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, குக்கரைத் தவிர வேறெதிலும் வைக்காதீர்கள். குளிக்க வெந்நீர் தந்தூர் மேலேயே காயட்டும்.

கிப்பர்_சமையலறை:
ரொம்ப நன்றி அண்ணே. தெற்குப் பக்க அறைக்கு மாற்றிவிட்டேன், காலையில் தீ நீலமாக நின்றது. பாதி என்று ஒதுக்கிய சிலிண்டர்களும் இனி உதவும். அடுத்த ஜீப்பில் எதை முதலில் ஏற்றச் சொல்லட்டும்? போன தடவை உருளைக்கிழங்கு உறைந்து, இளகியதும் கொழகொழவென்று ஆகிவிட்டது.

மலை_மெஸ்:
உருளை, வெங்காயம், முட்டை மூன்றையும் கம்பளி சுற்றி டிரைவர் பக்கத்தில் வையுங்கள், பின்னால் போடவே கூடாது. அரிசி, ஆட்டா, பருப்புக்குப் பனி ஒன்றும் செய்யாது. கறி உறைந்து வந்தால் நல்லதுதான். காசாவிலிருந்து உச்சிவெயிலில் கிளம்பச் சொல்லுங்கள்.

பழைய_சிப்பாய்:
ஜெனரேட்டர் டீசலையும் மறக்காதீர்கள். சாதாரண டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். மைனஸ் 33 வரை தாங்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் லடாக்கில் கொண்டுவந்தது. காசா பெட்ரோல் பங்கில் கிடைக்குமா என்று டிரைவரை விசாரிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கேனைக் குளிர் தாக்காத அறையில், அடுப்புக்கும் சிலிண்டருக்கும் எட்டத்தில் வையுங்கள்.